ரெண்டு வருஷமாக வீட்டில் கலக்கும் கைதச்சக்கை (அன்னாசி) டெக்கீலா

துபாயிலிருந்து வரும்போதெல்லாம் மச்சினன் மெக்சிகோவின் கத்தாழைச் சரக்கான டெக்கீலா ஒரு பாட்டில் கொண்டுவருவான். விமானத்தில் வருகிறவர்களுக்கு 2 லிட்டர் வரை வரி கிடையாது, அதில் ஒரு மில்லிகூட அவன் விட்டுவைக்க மாட்டான். முதல் பாட்டிலை உப்பு நக்கி, எலுமிச்சை கடித்து ஒரே மடக்காக இறக்கினோம். தொண்டை எரிந்ததுதான் மிச்சம். மீதியைப் பழச்சாற்றில் கலந்து பார்த்தோம். ஆரம்பித்து இப்போது ரெண்டு வருஷம் தாண்டியாயிற்று.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் பழத்துக்கா பஞ்சம் என்று நினைத்தேன். மட்டி வாழைப்பழத்தை மிக்சியில் அடித்ததும் வாசனை அபாரம். பத்து நிமிஷத்தில் கறுத்து, கூழாகிவிட்டது. மச்சினன் ஒரு வாய் வைத்துவிட்டு, "அத்தான், இது சரக்கா பாயசமா?" என்றான். சக்கைப்பழம் (பலா) போட்ட டம்ளரில் மறுநாளும் சக்கை மணம்தான். செங்கவருக்கை மாம்பழம் நன்றாகவே வந்தது, ஆனால் அதை நறுக்கித் தின்பதுதான் அதற்கு மரியாதை.

நிலைத்தது கைதச்சக்கை. குலசேகரம் பக்கம் புதிதாக ரப்பர் நட்ட தோட்டங்களில் ஊடுபயிராகப் போடுவார்கள். அடிப்பக்கம் மட்டும் மஞ்சளானதை வாங்குவேன். முழுக்கப் பழுத்தால் இனிப்பு மட்டும்தான் இருக்கும், புளிப்பு இருக்காது. கலவை கெடுவதற்கு முக்கால்வாசி காரணம் இதுதான். இனிப்பு போதவில்லை என்று நாம் தேனைக் கூட்டுவோம். உண்மையில் குறைவது புளிப்பு. அரை மூடி எலுமிச்சை பிழிந்தால் பழத்தின் ருசியே தனியாகத் தெரியும்.

என் அளவு: டெக்கீலா 45 மில்லி, வடிகட்டிய கைதச்சக்கைச் சாறு 60, எலுமிச்சை 20, தேன்பாகு 10. மார்த்தாண்டம் தேனை அப்படியே ஊற்றினால் ஐஸில் பட்டு அடியில் கட்டியாக உட்கார்ந்துகொள்ளும். அதனால் சம அளவு வெந்நீரில் கரைத்து வைத்துக்கொள்கிறேன். மார்கரிட்டா என்ற டெக்கீலா கலவையில் சேர்க்கும் ஆரஞ்சு மதுவை நான் சேர்ப்பதில்லை, ஆரஞ்சுத் தோலை விரலால் மடக்கி மேலே பிழிந்தால் எனக்குப் போதும்.

டம்ளர் விளிம்பில் எலுமிச்சை தடவி, புத்தளம் உப்பளத்துக் கல்லுப்பையும் மிளகாய் வத்தல் பொடியையும் இடித்து ஒட்டுவேன். கன்னியாகுமரி கடற்கரையில் மாங்காய்க் கீற்றில் தூவித் தருவார்களே, அதே சங்கதி. பாதி விளிம்புக்கு மட்டும் போதும், சுற்றிலும் ஒட்டினால் கடல்தண்ணீர் குடித்த மாதிரி இருக்கும்.

ஆன்லைனில் வாங்கிய ஸ்டீல் ஷேக்கர்தான் வீண் செலவு. குலுக்கி முடித்ததும் மூடி திறக்கவே திறக்காது. உள்ளே காற்று குளிர்ந்து சுருங்க, மூடி இறுகிப் பிடித்துக்கொள்கிறது. ஒருமுறை துணியால் பிடித்துத் திருகியதில் பாதி என் வேட்டிக்குப் போனது. இப்போது வாயகன்ற கண்ணாடி ஜாடிதான். பதினைந்து விநாடி குலுக்கினால் மேலே வெள்ளை நுரை கட்டி நிற்கும். ஊறுகாய் இருந்த ஜாடியை மட்டும் எடுக்காதீர்கள். எத்தனை கழுவினாலும் காயம் மணக்கும், அனுபவம்.

பாட்டில் விஷயம். லேபிளில் 100 சதவீதம் அகேவ் (கத்தாழை) என்று இல்லாவிட்டால், புளிக்கவைக்கும் சர்க்கரையில் 51 சதவீதம் மட்டும் நீலக் கத்தாழையிலிருந்து வந்தாலும் டெக்கீலா என்று விற்கலாம். மறுநாள் தலைவலியைப் பார்த்தபின் நான் 100க்கு மாறினேன். மரப்பீப்பாயில் ஊறிய விலை கூடினது சாற்றுக்குத் தேவையில்லை, வெள்ளை போதும். இலையைச் சீவிய கத்தாழைத் தண்டு பார்க்கக் கைதச்சக்கை மாதிரியே இருக்கும். மெக்சிகோக்காரர்கள் அதைக் கூப்பிடுவதும் கைதச்சக்கையின் பெயரால்தான். பின்னே ஜோடி ஏன் பொருந்தாது!

துண்டுகளை டெக்கீலாவிலேயே ஊறவைத்தும் பார்த்தேன். மூன்று நாளில் பொன்னிறம், நல்ல வாசனை. மறந்துபோய் ஒன்பது நாள் விட்டதில் சக்கை நொந்து, கசப்பு ஏறிவிட்டது.

ஒரே குறை, சாறு போல இறங்குவது. ஒரு டம்ளரில் ஒன்றரை பெக் இருக்கிறது, நாக்குக்கு அது தெரிவதில்லை. அதனால் ஜாடி வெளியே வந்ததுமே என் வீட்டுக்காரி மச்சினனின் பைக் சாவியை எடுத்து அரிசிப்பானைக்குள் புதைத்துவிடுவாள். விடிந்தபிறகுதான் அவன் தேடவே ஆரம்பிப்பான்.