கோடு இழுத்து வாசிப்பதா, கொப்பியை மூடி எழுதுவதா?

பரீட்சை நெருங்கினால் திருகோணமலையில் பிள்ளைகள் முதலில் எடுப்பது ஹைலைட்டர். டியூட் (டியூசனில் தரும் அச்சுக் குறிப்பு) முழுக்க மஞ்சளாகும் வரை வாசிப்பார்கள். மூன்றாம் தடவை வரிகள் வழுக்கிக்கொண்டு போகும், பாடம் வந்துவிட்டது என்று மனம் நம்பும். கண்ணுக்குப் பழகியதுதான் அது. பரீட்சை மண்டபத்தில் கொப்பி இல்லாமல் எழுதுவது வேறு வேலை.

2006 இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை நேரடியாக ஒப்பிட்டார்கள். சிலர் ஒரு பத்தியை இரண்டு தடவை வாசித்தார்கள். மற்றவர்கள் ஒரு தடவை வாசித்துவிட்டு, பார்க்காமல் எழுதினார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது வாசித்தவர்கள் முந்தினார்கள்: 81 வீதம், எழுதியவர்கள் 75. ஒரு கிழமை கழித்து நிலைமை தலைகீழ்: வாசித்தவர்கள் 42, எழுதியவர்கள் 56.

புவியியலில் ஒரு கேள்வியைப் பாருங்கள். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் திருகோணமலை ஏன் வறண்டு கிடக்கிறது? வாசித்து மட்டும் வைத்தவர் "மலைநாடு மறிக்கிறது" என்று எழுதி நின்றுவிடுவார். மூடி எழுதிப் பழகியவருக்கு விடுபட்ட கண்ணி முன்பே தெரிந்திருக்கும்: காற்று மலையேறும்போது குளிர்ந்து மேற்குச் சரிவில் மழையைக் கொட்டுகிறது, கிழக்கே இறங்கும்போது அமுங்கிச் சூடாகிறது. நாம் கச்சான் என்று சொல்கிற அதே காற்றுத்தான். புள்ளி கிடைப்பது அந்தக் கண்ணிக்கு.

செய்யும் முறை இதுதான். ஒரு சிறு பகுதியை 20 நிமிடம் வாசியுங்கள். கொப்பியை மூடி, வெற்றுத் தாளில் 10 நிமிடம் எழுதுங்கள். பிறகு திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் சேருங்கள். அடுத்த நாள், 3ஆம், 7ஆம், 16ஆம் நாள் அதே பகுதியைத் திரும்ப எழுதுங்கள். தொடக்கம் சிவப்பு இடங்களிலிருந்து. இதில் கெடுவது இரண்டு இடத்தில். ஞாபகம் வராத உடனே எட்டிப் பார்ப்பது ஒன்று. இரண்டு நிமிடமாவது முட்டிப் பாருங்கள், அந்த முயற்சிதான் பதிய வைக்கிறது. ஒரு தடவை சரியாக வந்ததும் கைவிடுவது மற்றது. வேறு வேறு நாளில் மூன்று தடவையாவது சரியாக வரவேண்டும்.

பாஸ்ட் பேப்பர், அதாவது கடந்த வருட வினாத்தாள் செய்வது, இதற்குப் போட்டி அல்ல, அடுத்த படி. பாடத்தில் பாதி தெரியாமல் பேப்பரைத் தொட்டால், விடைப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யத் தோன்றும். அது மறுபடியும் வாசிப்புத்தான். ஏ.எல் (உயர்தரம்) பௌதிகவியல், இரசாயனவியல், உயிரியல் பல்தேர்வில் 50 வினா, 2 மணித்தியாலம். ஒன்றுக்கு 2 நிமிடம் 24 செக்கன். கடிகாரம் வைத்தே செய்யுங்கள். பிழைத்த வினாக்களை மூன்றாகப் பிரியுங்கள்: தெரியாதது, கேள்வியைப் பிழையாக வாசித்தது, நேரம் போதாதது. மூன்றுக்கும் மருந்து வேறு. கடைசி இரண்டு வருட வினாத்தாள்களைத் தொடாமல் வைத்திருங்கள், முழு ஒத்திகைக்குத் தேவைப்படும்.

கணிதத்தில் ஒரே வகைக் கணக்கை வரிசையாக இருபது செய்வதைவிட, மூன்று அலகுகளைக் கலந்து செய்வது நல்லது. எந்த முறையைப் பாவிப்பது என்று கண்டுபிடிப்பதும் பரீட்சையில் ஒரு கேள்விதானே.

விடிந்தால் பரீட்சை என்றால் மட்டும் வாசிப்புக்கு இடம் உண்டு. புதுப் பாடம் தொடாதீர்கள். சிவப்பு மை உள்ள இடங்களை ஒரு தரம் பார்த்துவிட்டு இரவு பத்து மணிக்குப் படுங்கள்.