சாஃப்ட் பிரஷ், இடுக்கு பிரஷ்: சில வருடங்கள் பயன்படுத்திய பிறகு

தர்மபுரி மாவட்டத்துக்காரர்களுக்குப் பல் என்றாலே கறைதான் ஞாபகம் வரும். குடிக்கும் தண்ணீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. எங்கள் பக்கத்தில் பல போர்வெல்களில் அதற்கு மேல்தான், அதனால்தான் இந்தக் கறை. காவிரித் தண்ணீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் திறக்கப்பட்டது 2013-ல். அதற்கு முன் பிறந்து வளர்ந்தவர்கள் சிரித்தாலே பழுப்புக் கோடு தெரியும்.

அந்தக் கறை சின்ன வயதில் பல் உருவாகும்போதே எனாமலுக்குள் ஏறியது. தேய்த்தால் போகாது. ஆனால் போய்விடும் என்று நம்பி ஹார்டு பிரஷ், அடுப்புக்கரி, செங்கல் தூள் என்று தேய்த்தவர்கள் நிறையப் பேர். கறை அப்படியேதான் இருக்கும், ஈறுதான் தேயும். என் அப்பாவுக்குக் கோரைப்பல் பக்கம் ஈறு விலகி மஞ்சளாக வேர் தெரிகிறது. பச்சைத் தண்ணீர் பட்டாலே சுள்ளென்று கூசும். விலகிய ஈறு தானாகத் திரும்ப வளராது என்று பல் டாக்டர் சொன்னதிலிருந்து வீட்டில் எல்லாருக்கும் சாஃப்ட் பிரஷ்தான்.

முதலில் பல் சுத்தமானது போலவே இருக்காது, உண்மை. அழுத்தித் தேய்த்த கைக்கு அது பழக வேண்டும். பல்லும் ஈறும் சேரும் கோட்டில் பிரஷ்ஷைச் சற்றுச் சாய்த்து வைத்து, இருந்த இடத்திலேயே லேசாக அசைக்க வேண்டும். இரண்டு நிமிடம், காலையும் இரவும். இரவில் தேய்ப்பதை மட்டும் விடவே கூடாது. பல்லில் படியும் மாவு போன்ற படலம் ஓரிரு நாளிலேயே இறுக ஆரம்பித்துவிடும். இறுகிக் காரையாகிவிட்டால் எந்த பிரஷ்ஷாலும் எடுக்க முடியாது, பல் டாக்டரிடம் ஸ்கேலிங் (கருவியால் காரையை எடுப்பது) செய்துதான் ஆக வேண்டும். ஸ்கேலிங் செய்தால் பல் ஆடும் என்று ஊரில் பயமுறுத்துவார்கள். காரை அடைத்திருந்த சந்து வெளியே தெரிவதால் அப்படித் தோன்றுகிறது, அவ்வளவுதான்.

அடுத்து இடுக்கு பிரஷ். மெல்லிய கம்பியில் முடி சுற்றிய குட்டி பிரஷ். மாம்பழ சீசனில் நார் மாட்டிக்கொண்டால் ஊக்கையும் தீக்குச்சியையும் தேடும் நமக்கு இது பெரிய வரம். ஈறு கிழியாது. எனக்கு ஆரம்பத்தில் ரத்தம் வந்தது. நிறுத்தாமல் தொடர்ந்ததும் சில நாளில் நின்றது. ஈறு சிவப்பு மாறி வெளிர் நிறத்துக்கு வந்ததைக் கண்ணாடியில் பார்க்க முடிந்தது. வாய் நாற்றமும் குறைந்தது. இரண்டு வாரம் ஆகியும் ரத்தம் நிற்காவிட்டால் டாக்டரிடம் போய்விடுங்கள். பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவர்கள் ரத்தம் வரவில்லையே என்று இருந்துவிடக் கூடாது. புகையிலை ரத்தக் குழாயைச் சுருக்கி நோயை மறைத்துவிடும்.

குறைகளும் உண்டு. எங்கள் பக்கத்து மெடிக்கலில் கிடைப்பதில்லை, தர்மபுரி டவுனுக்குப் போக வேண்டும். சந்துக்குத் தகுந்த அளவு வாங்க வேண்டும். பெரிய அளவைத் திணித்தால் ஈறு புண்ணாகும். சந்தே இல்லாமல் நெருக்கமாக உள்ள பற்களுக்கு ஃப்ளாஸ் என்கிற பல் இடுக்கு நூல்தான் சரி.

உப்புத் தண்ணீர் இதமாக இருக்கும், ஒரு டம்ளர் வெதுவெதுப்பான நீருக்கு அரை ஸ்பூன் போதும். ஆனால் படலத்தை எடுக்காது. குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷை நாமாக வாங்கி மாதக்கணக்கில் கொப்பளிக்க வேண்டாம், அதுவே பல்லில் புதுப் பழுப்பைக் கொண்டுவரும்.

அம்மாவுக்குச் சர்க்கரை உண்டு. ஈறு வீங்கினால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஈறு கெடும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அவரை மட்டும் கட்டாயம் செக்கப்புக்குக் கூட்டிப்போகிறோம். சர்க்கரை உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் முதலில் அவர்களுக்கு சாஃப்ட் பிரஷ் வாங்கிக் கொடுங்கள்.