பழைய அமெரிக்கப் பேட்டர்ன் கண்ணாடி: கோப்லெட்டா, ஸ்பூனரா, ஒரே பேட்டர்னா?

ஏறத்தாழ 1850 முதல் 1910 வரை அமெரிக்க ஆலைகள் உருகிய கண்ணாடியை இரும்பு அச்சில் இட்டு, மேலிருந்து உலக்கை போன்ற ஒரு தண்டால் அழுத்தி, மேசைக்கு வேண்டிய அத்தனை பாத்திரங்களையும் ஒரே கோலத்தில் செய்தன. வெண்ணெய்ப் பாத்திரம், சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை, கேக் தட்டு, ஊறுகாய்த் தட்டு என எல்லாவற்றிலும் ஒரே பூ, ஒரே கொடி, ஒரே கட்டம். அந்தக் கோலத்துக்குத்தான் பேட்டர்ன் என்று பெயர். அவை ஆயிரக்கணக்கில் உண்டு. எதைச் சேர்ப்பது என்று முதலிலேயே முடிவு செய்யாமல் கண்ணில் பட்டதையெல்லாம் வாங்கினால் ஐந்து வருடத்தில் அலமாரி நிரம்பிவிடும், ஆனால் கண் பழகியிருக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் முன் மூன்று வழிகள் உண்டு: ஒரே பேட்டர்னை முழுமையாகச் சேர்ப்பது, எல்லாப் பேட்டர்னிலும் கோப்லெட் (தண்டும் காலும் உள்ள குடிகுவளை) மட்டும் சேர்ப்பது, எல்லாப் பேட்டர்னிலும் ஸ்பூனர் (தேக்கரண்டிகளை நிறுத்தி வைக்கும் குவளை) மட்டும் சேர்ப்பது. பெரும்பாலானோர் முதல் இரண்டில் ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். எங்கள் கட்சி மூன்றாவது.

ஒரே பேட்டர்ன்

இதன் பலம் ஆழம். பெல்ஃபிளவர் பேட்டர்னை எடுத்துக்கொள்ளுங்கள். மேலோட்டமாகப் பார்த்தால் வரிவரியான பின்னணியில் மணி போன்ற பூக்கள் தொங்கும் ஒரு கொடி, அவ்வளவுதான். பத்துப் பாத்திரங்களை அடுக்கி வைத்தால்தான் சிலவற்றில் ஒற்றைக் கொடி, சிலவற்றில் இரட்டைக் கொடி, வரிகள் ஓரிடத்தில் நெருக்கம், ஓரிடத்தில் அகலம் என்பது தெரியும். ஒரே கோலத்துக்குப் பல அச்சுகள் வெட்டப்பட்டன, ஒன்றுக்கு மேற்பட்ட ஆலைகள் செய்தன என்பது அப்போது கைக்கே புரிந்துவிடும்.

பலவீனம் இரண்டு. முதல் பாதி சீக்கிரம் கிடைத்துவிடும். கடைசி ஐந்தாறு பாத்திரங்களுக்காக வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். மூடியுள்ள பாத்திரங்கள் அதிகம் என்பது இரண்டாவது. 4 பாத்திர மேசைத் தொகுப்பில், அதாவது வெண்ணெய்ப் பாத்திரம், சர்க்கரைக் கிண்ணம், பால் குவளை, ஸ்பூனர் ஆகிய நான்கில், இரண்டுக்கு மூடி உண்டு. மூடி உடைந்த கிண்ணத்துக்கு வேறொரு பாத்திரத்தின் மூடியைப் போட்டு விற்பது சந்தையில் சாதாரணம். மூடியைப் போட்டுக் கால் வட்டம் கால் வட்டமாகத் திருப்பிப் பாருங்கள். எந்த நிலையிலும் ஆடக் கூடாது, விளிம்புக்கு வெளியே துருத்தவும் கூடாது. மூடியின் கண்ணாடியும் அடிப்பாத்திரத்தின் கண்ணாடியும் ஒரே நிறச் சாயலில் இருக்கின்றனவா என்று வெள்ளைத் தாளின் மேல் வைத்துச் சரிபாருங்கள்.

பெயர்க் குழப்பம் தனி. இன்று புழங்கும் பெயர்களில் பல, பிற்காலத்தில் சேகரிப்பாளர்கள் வைத்தவை. நாம் வெஸ்ட்வர்டு ஹோ என்பதை அதைச் செய்த ஆலை பயனியர் என்றுதான் விற்றது. மூன் அண்ட் ஸ்டார், ஆடம்ஸ் ஆலையில் பேலஸ். ஒரே பேட்டர்னைத் தேடுகிறவர் அதன் எல்லாப் பெயர்களையும் அறிந்திருக்க வேண்டும், இல்லையென்றால் பாதிப் பொருட்கள் கண்ணில் படாமலே போகும். மூன் அண்ட் ஸ்டாரில் இன்னொரு கண்ணியும் உண்டு. ஆடம்ஸ் செய்தவை பெரும்பாலும் நிறமற்றவை. ஆம்பர், சிவப்பு, நீலம், பச்சை என்று கடைகளில் குவிந்திருப்பவை 20ஆம் நூற்றாண்டுச் சரக்கு. அவற்றிலும் அழகு உண்டு, பழமைதான் கிடையாது.

கோப்லெட்

ஏறத்தாழ 6 அங்குல உயரம், கால், தண்டு, கிண்ணம். உருவம் மாறாததால் பேட்டர்ன்களை ஒன்றோடொன்று ஒப்பிட இதைவிட நல்ல வடிவம் இல்லை. ஓர் அலமாரித் தட்டில் இருபது வைக்கலாம், தண்ணீர் குடிக்கவும் பயன்படும். கோப்லெட் சேகரிப்பாளர்கள் அதிகமாக இருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆனால் நகல் செய்தவர்களுக்கும் இதே வடிவம்தான் முதலில் பிடித்தது. 1930களிலிருந்து எல். ஜி. ரைட் நிறுவனம் பழைய பேட்டர்ன்களுக்குப் புதிய அச்சுகள் வெட்டி, வேறு ஆலைகளில் கண்ணாடி செய்வித்து விற்றது. 1999இல் மூடும்வரை இந்தத் தொழில் நடந்தது. அது திருட்டுத்தனம் அல்ல, புதுப் பொருளாகவே விற்றார்கள். காலப்போக்கில் ஒட்டுச்சீட்டு உதிர்ந்து, இரண்டு மூன்று கை மாறி, அதே கோப்லெட் இன்று பழம்பொருள் கடையில் நிற்கிறது. டெய்சி அண்ட் பட்டன், த்ரீ ஃபேஸ், லயன், வெஸ்ட்வர்டு ஹோ என்று பெயர் பெற்ற எந்தப் பேட்டர்னும் தப்பவில்லை.

வெஸ்ட்வர்டு ஹோவில் இதைக் கண்டுபிடிக்கும் முறை பனிப்பூச்சு உள்ள, அதாவது ஒரு பகுதியைப் பனி படர்ந்தது போல் மங்கலாக்கிய, மற்ற பேட்டர்ன்களுக்கும் பொருந்தும். ஃபிலடெல்ஃபியாவின் கில்லிண்டர் ஆலை செய்த அசலில், மானும் காட்டெருமையும் மரக்குடிசையும் உள்ள பனிப்பூச்சுப் பகுதி பட்டுத் துணி போல் வழவழக்கும். நகலில் அது சுண்ணாம்பு பூசியது போல் வெளிறி, விரலில் சொரசொரக்கும். அசலில் மிருகங்களின் உடலுக்கு மேடு பள்ளம் உண்டு. நகலில் தட்டையாக இருக்கும். பழைய பாத்திரத்தின் மேலேயே அச்செடுத்த நகல்கள், கண்ணாடி குளிரும்போது சுருங்குவதால், சற்றுச் சிறியதாக வருவதும் உண்டு. அதனால் உயரத்தையும் வாய் விட்டத்தையும் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு வரை அளந்து எழுதி வைப்பது அவசியம்.

அடுத்தது அடித் தேய்மானம். நூறு வருடம் மேசையில் நகர்ந்த காலின் அடியில், மேசையைத் தொடும் வளையத்தில் மட்டும், எல்லாத் திசையிலும் மெல்லிய கீறல்கள் இருக்கும். கீறல்கள் ஒரே திசையில் ஓடினாலோ, மேசையைத் தொடாத குழிவிலும் இருந்தாலோ, உப்புத்தாள் வேலை பார்த்திருக்கிறது என்று பொருள்.

ஸ்பூனர்

அந்தக் காலத்து மேசையில் தேக்கரண்டிகளைத் தலைகீழாக நிறுத்தி வைக்க ஒரு குவளை இருந்தது. அதுதான் ஸ்பூனர். மேசைத் தொகுப்பின் நான்கில் ஒன்று என்பதால் ஏறக்குறைய எல்லாப் பேட்டர்னிலும் வந்தது. மூடி கிடையாது, ஆகவே தொலைய எதுவும் இல்லை. இன்றைய மேசையில் அதற்கு வேலை இல்லாததால் கோப்லெட் அளவுக்கு நகலும் செய்யப்படவில்லை, போட்டியும் குறைவு. கற்றுக்கொள்கிறவருக்கு இந்த மூன்றும் ஒரே பொருளில் அமைவது பெரிய வசதி.

குறையும் சொல்ல வேண்டும். மூடி இழந்த சர்க்கரைக் கிண்ணங்கள் ஸ்பூனர் என்ற பெயரில் விற்கப்படுகின்றன. கிண்ணத்தின் வாய் நேராக வெட்டினாற்போல் இருக்கும், அல்லது மூடி உட்கார உள்ளே ஒரு சிறு படி இருக்கும். ஸ்பூனர் பெரும்பாலும் அதைவிட ஒடுங்கி உயர்ந்தது, வாய் விளிம்பு அலையலையாகவோ பற்களாகவோ இருக்கும். அந்தப் பற்களே அடுத்த சிக்கல். கரண்டி போட்டுப் போட்டு விளிம்பின் உட்புறம் சில்லு பெயர்ந்திருக்கும். பார்வையை நம்ப வேண்டாம். விரல் நுனியால் உள்விளிம்பை ஒரு முழுச் சுற்று, வெளிவிளிம்பை ஒரு முழுச் சுற்று தடவுங்கள். வழவழப்பான மேடு அச்சில் வந்தது, அதைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. கூர்மை தட்டினால் சில்லு. ஒரு பல் மட்டும் மற்றவற்றைவிடக் குட்டையாக இருந்தால் யாரோ அரைத்துச் சரிசெய்திருக்கிறார்கள்.

பலர் இதைப் பூச்சாடியாக்கி, தண்ணீரை வாரக்கணக்கில் விட்டுவிட்டிருப்பார்கள். உள்ளே வெண்மூட்டம் படிந்திருக்கும். அது உப்புப் படிவு மட்டும் என்றால் வெள்ளை வினிகரை ஓர் இரவு ஊற்றி வைத்தால் கரைந்துவிடும். ஈரத்தில் மறைந்து, உலர்ந்ததும் திரும்பி வந்து, வினிகருக்கும் அசையவில்லை என்றால் கண்ணாடியின் மேற்பரப்பே அரித்துவிட்டது. அதை இயந்திரத்தில் மெருகேற்றித்தான் நீக்க முடியும், அந்தச் செலவுக்கு வேறொரு ஸ்பூனரே வாங்கலாம். எண்ணெய் தடவி இந்த மூட்டத்தை மறைத்து விற்பதும் உண்டு. உள்ளே ஒரு காகிதக் கைக்குட்டையால் துடைத்துப் பார்த்த பிறகே விலை பேசுங்கள்.

ஈயமா, சோடாவா?

எந்த வடிவத்தைத் தேர்ந்தாலும் இந்தப் பிரிவினை குறுக்கே வரும். 1864இல் வெஸ்ட் வர்ஜீனியாவின் வீலிங் நகரில், ஹாப்ஸ் பிராக்குனியர் ஆலையில் வில்லியம் லெய்டன் சோடா-சுண்ணாம்புக் கலவையை மேம்படுத்தினார். அதற்கு முன் நல்ல அச்சுக் கண்ணாடி என்றால் ஈயம் கலந்ததுதான்; சேகரிப்பாளர்கள் அதை ஃபிளிண்ட் என்பார்கள். புதுக் கலவை மலிவு, எடை குறைவு, சீக்கிரம் இறுகும். அதனால் ஆலைகள் வேகமாக அச்சடித்தன, சாதாரணக் குடும்பங்களின் மேசைக்கும் தொகுப்புத் தொகுப்பாகக் கண்ணாடி வந்தது. ஈயக் கண்ணாடி கனம், ஒளியில் ஆழம், தட்டினால் மணியோசை. அழகில் அதற்கே முதலிடம். வகையில் சோடா பல மடங்கு அதிகம், விலையும் கைக்கு எட்டும்.

பலரும் ஓசையை வைத்தே முடிவு கட்டுகிறார்கள். தண்டைப் பிடித்து வாயைச் சுண்டினால் ஈயக் கோப்லெட் நீண்டு ஒலிக்கும், உண்மைதான். ஆனால் தடித்த ஸ்பூனரும் குட்டைக் கிண்ணமும் ஈயமாக இருந்தாலும் ஒலிக்காது. மெல்லிய சோடாக் கோப்லெட் ஓரளவு ஒலிக்கும். அடர்த்தியை அளப்பது உறுதியான வழி, அதற்குச் சமையலறைத் தராசு போதும். பாத்திரத்தை உலர்வாக எடை போடுங்கள். பிறகு ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பித் தராசில் வைத்து, எண்ணைச் சுழியமாக்குங்கள். பாத்திரத்தை நூலில் கட்டித் தண்ணீரில் முழுதாக மூழ்கவிடுங்கள். அடியையோ பக்கத்தையோ தொடக் கூடாது, உள்ளே காற்றுக் குமிழி தங்கவும் கூடாது. இப்போது தராசு காட்டும் எண்ணால் உலர் எடையை வகுங்கள். 360 கிராம் பாத்திரத்துக்கு 144 காட்டினால் விடை 2.5, அது சோடா. 120 காட்டினால் 3, அது ஈயம். குமிழி தங்கினால் விடை குறைந்து, ஈயம் சோடா போல் தோன்றும்.

ஈயக் கண்ணாடியில் ஊறுகாய், எலுமிச்சைச் சாறு, புளி சேர்ந்த எதையும் வைக்க வேண்டாம். புளிப்பு ஈயத்தை இழுக்கும்.

புற ஊதா விளக்கு பற்றியும் கேட்பார்கள். நிறம் போக்க மாங்கனீசு சேர்த்த பழைய கண்ணாடி, நீண்ட அலை விளக்கில் மங்கலான பச்சையாக ஒளிரும். துணைச் சாட்சியாக வைத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக வேண்டாம். அதே மாங்கனீசு வெயிலில் ஊதாவாக மாறும். கதிர்வீச்சுக்கு உட்படுத்தி அடர் ஊதாவாக்கி, அபூர்வ நிறம் என்று விற்கிறார்கள். அந்த நிறத்தை நீக்குவது எளிதல்ல, நல்ல பொருள் பாழானதுதான் மிச்சம்.

எந்தச் சங்கம்?

தனியாகப் படித்துக் கற்கலாம், முடியாதது அல்ல. ஆனால் எடை, ஓசை, பனிப்பூச்சின் வழவழப்பு ஆகிய மூன்றும் படத்தில் தெரியாது. சரியான ஒன்றையும் நகலையும் இரண்டு கைகளில் ஒரே நேரத்தில் பிடித்துப் பார்க்க வாய்ப்பு கிடைப்பது சங்கக் கூட்டத்தில்தான். சந்தா கட்டுவதற்கு அந்த ஒரு காரணமே போதும்.

1994இல் தொடங்கிய எர்லி அமெரிக்கன் பேட்டர்ன் கிளாஸ் சொசைட்டி இந்தத் துறை முழுவதையும் தழுவியது. காலாண்டு இதழ், ஆண்டுக் கூட்டம், பேட்டர்ன்களை அடையாளம் காணப் படத்தொகுப்பு ஆகியவை உண்டு. ஸ்பூனர் அல்லது கோப்லெட் வழியில் போகிறவருக்கு இதுவே பொருத்தம், ஏனென்றால் உங்கள் கேள்விகள் எல்லா ஆலைகளையும் தொடும். 1933இல் உருவான நேஷனல் அமெரிக்கன் கிளாஸ் கிளப் இன்னும் அகலமானது. ஊதிய கண்ணாடி, வெட்டுக் கண்ணாடி எல்லாம் அதில் அடக்கம். வரலாற்றில் ஆர்வம் அதிகம் என்றால் சேரலாம். ஸ்பூனர் விளிம்புச் சில்லு பற்றிக் கேட்க அது இடமல்ல.

ஒரே ஆலையில் மனம் நின்றுவிட்டவருக்கு நேஷனல் கிரீன்டவுன் கிளாஸ் அசோசியேஷன் போன்ற சிறப்புச் சங்கங்கள் உண்டு. இண்டியானா மாநிலத்துக் கிரீன்டவுன் ஆலை 1894இல் தொடங்கி, 1903 ஜூனில் தீப்பிடித்து அழிந்தது. ஜேக்கப் ரோசந்தால் 1900இல் அங்கே கொண்டுவந்த சாக்லேட் நிறக் கண்ணாடிக்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. அதே நிறத்தை வேறு ஆலைகளும் செய்தன. எது கிரீன்டவுன், எது இல்லை என்று சொல்ல, ஆயுள் முழுதும் அதையே பார்த்தவர் கண் வேண்டும். பொதுச் சங்கத்தில் அப்படி ஒருவர் இருந்தால் அதிர்ஷ்டம், சிறப்புச் சங்கத்தில் பலர் இருப்பார்கள்.

எந்தச் சங்கத்தில் கேட்டாலும் பதில் கிடைப்பது கேட்கும் விதத்தில் இருக்கிறது. பூப்போட்ட மேசைவிரிப்பின் மேல் எடுத்த ஒரே ஒரு மங்கலான படத்தை அனுப்பி, "இது என்ன விலை?" என்று கேட்டால் யாரும் உதவ முடியாது. கறுப்புத் துணியின் முன் வைத்து, பக்கவாட்டு வெளிச்சத்தில் எடுங்கள். ஒரு கறுப்புத் தாளைச் சுருட்டிப் பாத்திரத்துக்குள் நுழைத்தால் பின்பக்கக் கோலம் மறைந்து முன்பக்கம் மட்டும் தெளியும். முன்புறம், வாய் விளிம்பு, அடிப்பாகம் என மூன்று படங்கள். உயரம், விட்டம், எடை, அச்சு இணைப்புக் கோடுகள் எத்தனை, அடர்த்தி எவ்வளவு என்பதையும் எழுதுங்கள். விரிசல் என்று சந்தேகித்தால் விளக்கைச் சாய்த்துப் பாருங்கள். உண்மையான விரிசல் ஒரு கோணத்தில் கண்ணாடித் தகடு போல் மின்னும். கத்தரிக்கோலால் கண்ணாடிக் குழம்பை வெட்டியபோது விழுந்த தழும்பு எந்தக் கோணத்திலும் மின்னாது, அது செய்தபோதே வந்தது.

கூட்டத்துக்குப் போகும்போது மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வையுங்கள். உரியவரிடம் கேட்டுவிட்டு எடுங்கள். மூடியை முதலில் தனியே எடுத்து மேசையில் வையுங்கள். பிறகு ஒரு கை கிண்ணத்தில், ஒரு கை அடியில். தண்டை மட்டும் பிடித்துத் தூக்க வேண்டாம், பழைய கோப்லெட்டுகள் முதலில் விட்டுப்போவது அங்கேதான்.