ஓஇஐஎஸ் தளம்: நிரலை விடுங்கள், சூத்திரத்தைப் பாருங்கள்

எண் தொடர்வரிசைக்கு நிரல் எழுதுகிறவர்கள் என்றைக்காவது ஒருநாள் ஓஇஐஎஸ் (OEIS, முழு எண் தொடர்வரிசைகளின் இணையக் கலைக்களஞ்சியம்) பக்கம் வந்துதான் ஆக வேண்டும். நீல் ஸ்லோன் 1964-இல் சேகரிக்கத் தொடங்கி, 1973-இல் புத்தகமாகப் போட்டு, 1996-இல் இணையத்துக்குக் கொண்டுவந்த தொகுப்பு இது. இன்று 3.5 லட்சத்துக்கும் மேல் தொடர்வரிசைகள் இருக்கின்றன, காசு கிடையாது, தேடுவதற்குக் கணக்குத் தொடங்கவும் வேண்டாம். தோற்றம் பழைய காலத்துத் தளம் மாதிரிதான் இருக்கும், அது எனக்கு ஒரு குறையாகத் தெரியவில்லை.

கையால் கணக்கிட்ட சில எண்களைக் காற்புள்ளி வைத்துக் கொடுத்தால் போதும், ஆனால் கஞ்சத்தனம் வேண்டாம். 2, 3, 5, 7, 11 என்று கொடுத்தால் பகா எண்களும் வந்து நிற்கும், எண் பிரிவினைகளும் (ஓர் எண்ணை நேர் முழு எண்களின் கூட்டலாக, வரிசையைப் பொருட்படுத்தாமல், எத்தனை விதமாக எழுதலாம் என்ற எண்ணிக்கை) வந்து நிற்கும். அடுத்தது 13-ஆ 15-ஆ என்பதில்தான் இரண்டும் பிரிகின்றன. ஏழெட்டாவது கொடுங்கள்.

சரி, வேகமான நிரல் கிடைக்குமா? இங்கேதான் பலர் தவறான இடத்தில் தேடுகிறார்கள். பக்கத்தின் கீழ்ப்பகுதியில் மேப்பிள், மேத்தமேட்டிகா, பாரி, பைதான் என்று நிரல்கள் வரிசையாக இருக்கும், அப்படியே எடுத்து ஒட்டத் தோன்றும். அவற்றில் பல சுருக்கமாக இருக்க வேண்டும் என்று எழுதியவை, மேத்தமேட்டிகா வரி பல நேரம் அந்த மென்பொருளிலேயே இருக்கிற ஃபங்ஷனைக் கூப்பிடுவதோடு முடிந்துவிடும், அதை வைத்துக்கொண்டு வேறு மொழியில் என்ன செய்வது?

நான் நேராகப் போவது சூத்திரப் பகுதிக்கு. பிரிவினை எண்களின் பக்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், எண் ஏ000041. ஒவ்வொரு பிரிவினையாக உருவாக்கி எண்ணினால் 100-க்கே 19,05,69,292 வரும், நிரல் திணறும். அட்டவணை போட்டுக் கூட்டினால் 1000 வரை போக சுமார் 5 லட்சம் கூட்டல், அது பரவாயில்லை. ஆனால் அந்தப் பக்கத்தில் ஆய்லரின் சூத்திரம் இருக்கிறது, p(n) என்பது n-இன் பிரிவினைகளின் எண்ணிக்கை: p(n) = p(n−1) + p(n−2) − p(n−5) − p(n−7) + p(n−12) + p(n−15) − ... கழிக்கிற 1, 2, 5, 7 எல்லாம் பொதுமைப்படுத்திய ஐங்கோண எண்கள், அதாவது k(3k−1)/2, k(3k+1)/2 என்று வருகிறவை, அவை வேகமாகப் பெரிதாவதால் n = 1000-க்கே 50 உறுப்புகள்தான் வருகின்றன. முதல் 1000 மதிப்புகளையும் சேர்த்தே 50,000 கூட்டல் கழித்தலைத் தாண்டாது. நிரல் என்று பார்த்தால் இரண்டு லூப், ஒரு குறி மாற்றம், அவ்வளவுதான்.

ஒன்று கவனியுங்கள், இதை யீல்ட் போட்டு ஜெனரேட்டராக (கேட்கக் கேட்க ஒவ்வொரு மதிப்பாகத் தருகிற ஃபங்ஷனாக) எழுதினாலும் நினைவகம் மிச்சமாகாது. ஃபிபனாச்சியில் கடைசி இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடலாம், இதற்குப் பழைய மதிப்புகள் அத்தனையும் வேண்டும். அப்புறம் p(1000) 32 இலக்கம், சி++ எழுதுகிறவர்களின் 64 பிட்டுக்குள் அடங்காது, பைதானில் அந்தக் கவலை இல்லை.

குறை என்றால், அந்தச் சூத்திரப் பகுதியே ஒரு காடு. உயிரான சூத்திரமும் யாரோ ஆசைக்குச் சேர்த்த சமன்பாடும் ஒரே வரிசையில் கிடக்கும், எது நிரலுக்கு உதவும் என்று யாரும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள். கற்றுக்கொடுக்கிற தளமும் இல்லை; ஏன் இந்தச் சூத்திரம் சரி என்பதற்கு வேறு எங்காவதுதான் போக வேண்டும். புதிதாக வருகிறவர்கள் மிரண்டு போவார்கள்.

இந்தச் சலிப்பை எல்லாம் ஈடுகட்டுவது பி-ஃபைல், தொடர்வரிசையின் மதிப்புகளை நீளமாகப் பட்டியலிடும் உரைக்கோப்பு. வரிக்கு ஒரு ஜோடி, இடம் ஒன்று, மதிப்பு ஒன்று, பல தொடர்வரிசைகளுக்கு ஆயிரக்கணக்கில் இருக்கும். உங்கள் நிரலின் வெளியீட்டையும் அதே வடிவில் எழுதவைத்து இரண்டு கோப்பையும் ஒப்பிட்டால் பிழை எந்த வரியில் தொடங்குகிறது என்று உடனே தெரிந்துவிடும். ஒப்பிடுவதற்கு முன்னால் ஆஃப்செட்டை, அதாவது இட எண் எதிலிருந்து தொடங்குகிறது என்பதை, பாருங்கள்: பிரிவினைகள் 0-இலிருந்து தொடங்குகின்றன, பகா எண்கள் 1-இலிருந்து.