பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ரிச்சி ஸ்ட்ரீட்ல ரேம் போட்டுட்டு வந்தோம்

இந்த 2026 ஜனவரில பொங்கலுக்காக டொரன்டோல இருந்து மூணு வாரம் ஊருக்குப் போயிருந்தேன். தாம்பரத்துல அக்கா வீடு. அக்கா பொண்ணு இஞ்சினியரிங் ரெண்டாவது வருஷம். 2018-ல நான் வாங்கிக் குடுத்த லேப்டாப்தான் இப்ப அவ கையில, ஐ5 எட்டாவது ஜெனரேஷன், 4 ஜிபி ரேம் (ஓடிக்கிட்டிருக்கற வேலைய வச்சுக்கற மெமரி), 1 டிபி ஹார்ட் டிஸ்க். காலேஜ்ல ஆண்ட்ராய்டு ஆப் பண்ற ப்ராஜெக்ட் குடுத்திருக்காங்க. பொண்ணு லேப்டாப்ப ஆன் பண்ணிட்டுக் குளிச்சிட்டு வந்து தல துவட்டிட்டு உக்காந்தாலும் அது இன்னும் சுத்திக்கிட்டே இருக்கு, ஆப் பண்ற சாஃப்ட்வேர் ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவத் தொறந்தா மவுஸ் கூட நகராது. "சித்தி, ப்ரெண்டு லேப்டாப்லதான் பண்றேன், அவ தூங்கினதுக்கப்புறம்"னு சொன்னா. அது எனக்கு மனசுக்கு ரொம்பக் கஷ்டமாப் போச்சு.

முதல்ல வீட்டுப் பக்கத்துலயே ஒரு கடைக்குத்தான் போனோம். அவரு லேப்டாப்ப வாங்கி மூடியத் தொறந்து பாத்தாரு, ஸ்க்ரூ ஒண்ணு கூட கழட்டல, "இது 4 ஜிபிக்கு மேல ஏத்தாது, விண்டோஸ் 11-உம் வராது, புதுசு வாங்கிடுங்க, எக்ஸ்சேஞ்ச்ல எடுத்துக்கறேன்"னு சொல்லிட்டாரு. ஃபாரின்ல இருந்து வந்திருக்கேன்னு பேச்சுலயே தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கிறேன். எனக்குக் கோவம் வந்துச்சு. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க கிட்ட இருக்கற காச விடுங்க, இதே வார்த்தைய ஒரு சாதாரண அப்பா அம்மா கேட்டா கடன் வாங்கியாவது புதுசு வாங்கிக் குடுப்பாங்களே.

வீட்டுக்கு வந்து நானும் அவளும், லேப்டாப்ல எது எவ்ளோ ஓடுதுன்னு காட்டற டாஸ்க் மேனேஜரத் தொறந்து உக்காந்தோம். ஒண்ணுமே ஓடாதப்பவே மெமரி 85 சதவீதம், டிஸ்க் 100-லயே நிக்குது. ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கு: ரேம் பத்தலன்னா விண்டோஸ் மிச்சத்த ஹார்ட் டிஸ்க்ல கொண்டு போய் வைக்கும், திரும்ப எடுக்கும், ஹார்ட் டிஸ்க்கோ சுத்தற தட்டு, அதால அந்த வேகத்துக்கு ஓட முடியாது. அதே எடத்துல மெமரிய க்ளிக் பண்ணினா கீழ எத்தன ஸ்லாட், என்ன வேகம்னு வரும், ஃபார்ம் ஃபேக்டர்னும் ஒரு வரி வரும். இவளோடதுல ரோ ஆஃப் சிப்ஸ்னு இருந்துச்சு. அப்படின்னா போர்டுலயே சோல்டர் பண்ணின ரேம், கழட்ட முடியாது. எனக்கு வயித்தக் கலக்கிருச்சு. ஆனா ஸ்லாட் கணக்குல ரெண்டுல ஒண்ணுதான் யூஸ்ல இருக்குன்னு போட்டிருந்துச்சு, அது நெஜமா இல்ல சும்மா காட்டுதான்னு தொறந்து பாத்தாத்தான் தெரியும்.

பொங்கல் முடிஞ்சு கடைங்க தொறந்ததும் ரெண்டு பேரும் கெளம்பி கவர்ன்மென்ட் எஸ்டேட் மெட்ரோல எறங்கி, சென்னைல எலக்ட்ரானிக்ஸ் கடைங்க நெறஞ்ச ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு நடந்தோம். நான் காலேஜ் படிக்கறப்ப பாத்த அதே சந்து, அதே கூட்டம், பைக் நடுவுல ஒடம்பச் சுருக்கிக்கிட்டுப் போகணும். மாடில ஒரு சின்ன சர்வீஸ் கடை, ஐம்பது வயசு தாண்டின ஒரு அண்ணன் உக்காந்திருந்தாரு. விஷயத்தச் சொன்னதும் அவரு கேட்ட முதல் கேள்வி "பாப்பா இதுல என்ன பண்றா?" முந்தின கடைல இத யாருமே கேக்கல. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோன்னதும் "அதுக்கு 8 ஜிபி இல்லாம ஆகாதும்மா"ன்னாரு. எட்டாவது ஜெனரேஷன் விண்டோஸ் 11 லிஸ்ட்ல இருக்கு, பயாஸ்ங்கற ஆரம்ப செட்டிங்ல டிபிஎம்ங்கற பாதுகாப்பு வசதிய ஆன் பண்ணினாப் போதும், இதுவே ஏழாவதா இருந்திருந்தா காச வீணாக்காதீங்கன்னு நானே சொல்லியிருப்பேன்னாரு. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-ஓட சப்போர்ட் முடிஞ்சிடுச்சுல்ல, அதனால இந்த லேப்டாப்ல ரேமுக்குக் காசு போடறதா வேணாமாங்கற முடிவே அந்த ஒரு விஷயத்துலதான் நின்னுச்சு.

அடுத்து எங்க கண்ணு முன்னாடியே பின்பக்கத்தக் கழட்டினாரு. முதல் வேலையா பேட்டரி ஒயரப் பிடுங்கி வச்சாரு. போர்டுல 4 ஜிபி சிப்புங்க ஒட்டிக்கிட்டு இருக்கு, பக்கத்துலயே காலியா ஒரு ஸ்லாட், எட்டு வருஷ தூசி. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம்.

வெலதான் இப்ப கொடுமை. ஏஐ டேட்டா சென்டருங்களுக்கே மெமரி போகுதுன்னு போன வருஷக் கடைசில எல்லா எடத்துலயும் ஏறிப்போச்சு, மைக்ரான் கம்பெனி க்ரூஷியல்ங்கற பேருல நம்மள மாதிரி ஆளுங்களுக்கு விக்கறதையே நிறுத்தப் போறதா டிசம்பர்ல அறிவிச்சிட்டாங்க. ஒரு வருஷம் முன்னாடி இருந்த வெலைய விட ரெண்டு மடங்குக்கு மேல சொல்றாங்க. டொரன்டோலயும் இதே நெலமதான், அதனால அங்கிருந்து வாங்கிட்டு வந்திருக்கலாமோன்னு வருத்தப்பட ஒண்ணும் இல்ல, அப்படிக் கொண்டு வந்தா வாரன்ட்டிக்கு இங்க அலையணும், ரேம்ல டிடிஆர்4, டிடிஆர்5-னு ரகம் இருக்கு, அது மாறிப்போனா ஸ்லாட்லயே உக்காராது.

16 போடலாமான்னு கேட்டேன். வேணாம், 8 போட்டா மொத்தம் 12, அவ வேலைக்குப் போதும், மிச்சக் காசுல ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலா சுத்தற தட்டு இல்லாத, வேகமான எஸ்எஸ்டி போடுங்க, அது இல்லாம ரேம் மட்டும் ஏத்தினா ஆன் ஆக அதே நேரம்தான் ஆகும்னாரு. வர்ற வியாபாரத்தக் கொறச்சுக்கிட்டு ஒரு மனுஷன் பேசறது எவ்ளோ பெரிய விஷயம். யூஸ்டு ரேமும் இருந்துச்சு, அதுக்கு மூணு மாசம் அவரே வாரன்ட்டி. ரேம் ஹார்ட் டிஸ்க் மாதிரி தேயற பொருள் இல்ல, டெஸ்ட் பண்ணி ஓடினா நம்பி வாங்கலாம்ங்கறது என் எண்ணம், யூஸ்டே எடுத்தோம். எஸ்எஸ்டி மட்டும் ஜிஎஸ்டி பில்லோட புதுசு.

ரேமோட தங்கக் கலர் பல்ல ரப்பர் வச்சு அழிக்கிற மாதிரி மெதுவாத் தேச்சாரு, ஊதினாரு, அப்புறம் என் கிட்ட இல்ல, பொண்ணு கிட்ட நீட்டினாரு. "நீயே போடும்மா. ஓரத்தப் பிடி, பல்லத் தொடாத. சாச்சு உள்ள தள்ளு, அப்புறம் கீழ அமுக்கு." அவ கை நடுங்குது. ரெண்டு பக்கமும் க்ளிக்னு சத்தம் வந்துச்சு. ஆன் பண்ணினா ஸ்க்ரீன் கருப்பாவே நிக்குது, ஒரு நிமிஷம் இருக்கும், எங்க ரெண்டு பேருக்கும் மூச்சே இல்ல, அவரு மட்டும் "புது ரேமப் பழகிக்குதும்மா, பொறு"ன்னு டீயக் குடிக்கறாரு. வந்துச்சு. 12-ன்னு காட்டாம 11.9-ன்னு காட்டுச்சு, மிச்சம் எங்கன்னு அவ கேட்டா, ஹார்டுவேரே கொஞ்சம் தனக்குன்னு ஒதுக்கிக்கும்னு சொன்னாரு.

விண்டோஸ் ஏத்தி முடிக்க சாயங்காலம் ஆச்சு. வேலைக்கு 300 ரூபாதான் வாங்கினாரு. என் கனடா நம்பர்லயே என்ஆர்இ (வெளிநாட்டுல இருக்கற இந்தியர்களுக்கான) அக்கவுன்ட் வச்சு யுபிஐ போட்டேன், இப்பல்லாம் அதுக்கு இந்திய சிம் தேடி அலைய வேண்டியதில்ல. டொரன்டோல நான் போற கடைல தொறந்து பாக்கறதுக்கே தனி சார்ஜ், மூணு நாள் வச்சுக்குவாங்க, நம்மள உள்ள கூட விடமாட்டாங்க.

நான் திரும்பி வந்து ரெண்டு வாரம் ஆச்சு. நேத்து பொண்ணு ஒரு போட்டோ அனுப்பினா, ராத்திரியெல்லாம் தன் லேப்டாப்பக் குடுத்தாளே அந்த ப்ரெண்டோட டாஸ்க் மேனேஜர். "சித்தி, இவளுக்கு ஒரு கடைல ரேம் ஏத்தித் தர்றேன்னு அட்வான்ஸ் கேக்கறாங்க. ஆனா இதுல ரோ ஆஃப் சிப்ஸ்னு இருக்கு, வேற ஸ்லாட்டும் காட்டல. காசு குடுக்கறதுக்கு முன்னாடி அண்ணன் கிட்ட போய் தொறந்து பாத்துட்டு வரலாம்னு சனிக்கிழம கூட்டிட்டுப் போறேன்"னு எழுதியிருந்தா.