‘டிஸ்ப்ளே திறக்கவில்லை’: எக்ஸ்ஹோஸ்ட்டா, எஸ்எஸ்ஹெச்சா, விஎன்சியா?

பெங்களூரு ஒயிட்ஃபீல்டில் சிப் டிசைன் செய்கிற நம்மவர்கள், லினக்ஸ் சர்வருக்குள் போய் சிக்னல்களை வரைந்து காட்டும் வேவ்ஃபார்ம் வியூவரைத் திறந்ததும் ‘கான்ட் ஓப்பன் டிஸ்ப்ளே’ என்று நின்றால், பக்கத்து சீட்டிலிருந்து வரும் யோசனை ‘எக்ஸ்ஹோஸ்ட் பிளஸ் போடு’ என்பதுதான். தயவுசெய்து போடாதீர்கள். அது உங்கள் திரையை எந்த மெஷினுக்கும் திறந்துவிடும். நீங்கள் தட்டுகிற பாஸ்வேர்டைக்கூடப் பிடிக்கலாம். லேப்டாப்பிலும் லினக்ஸ் என்றால் பலனும் இருக்காது: திரையில் விண்டோக்களை வரையும் எக்ஸ் சர்வரில், 2015-இல் வந்த 1.17 முதல், வெளி மெஷின்கள் அதனுடன் பேசும் டிசிபி போர்ட் 6000 இயல்பாகவே மூடியிருக்கும்.

சர்வருக்குள் பாதுகாப்பாகப் போகும் எஸ்எஸ்ஹெச் கட்டளையில் கேப்பிடல் எக்ஸ் ஆப்ஷன் (ssh -X) போட்டு நுழைவதே முறை. நுழைந்ததும், விண்டோ எந்தத் திரைக்குப் போகவேண்டும் என்று சொல்லும் டிஸ்ப்ளே மாறியை எக்கோ செய்யுங்கள் (echo $DISPLAY). ‘லோக்கல்ஹோஸ்ட்:10.0’ என்று வரவேண்டும். ‘:0’ என்று வந்தால், ஷெல் திறக்கும்போது ஓடும் பாஷ்ஆர்சி ஃபைலில் யாரோ எழுதிவைத்த பழைய வரி அதை அழித்திருக்கும். அந்த வரியை எடுங்கள். காலியாக வந்தால், சர்வரில் விண்டோவை உங்கள் திரைக்கு அனுப்பும் எக்ஸ்11 ஃபார்வர்டிங் ‘நோ’ என்றிருக்கும், இல்லையேல் திரைக்கான சாவியைக் கையாளும் எக்ஸ்ஆத் கட்டளை நிறுவப்பட்டிருக்காது.

டிஸ்ப்ளே என்ற விலாசம் சரி, திரைக்குள் விடும் சாவியான குக்கீ இல்லை என்பது வேறு கோளாறு. எஸ்யூ போட்டு வேறு யூசரானதும் விண்டோ வராததற்கு அதுதான் காரணம். 32 ஹெக்ஸ் இலக்கக் குக்கீ உங்கள் ஹோம் டைரக்டரியில் இருக்கிறது, அந்த யூசரால் படிக்க முடியாது. நீங்களாக இருந்து ‘எக்ஸ்ஆத் லிஸ்ட்’ போட்டு, அந்த டிஸ்ப்ளேக்குரிய வரியை நகலெடுத்து, புது யூசரில் ‘எக்ஸ்ஆத் ஆட்’ உடன் ஒட்டுங்கள். நேற்று ஓடியது இன்று ஓடவில்லையா? முதலில் உங்களுக்கு ஒதுக்கிய டிஸ்க் கோட்டாவைப் பாருங்கள். சிமுலேஷன் ஃபைல்களால் ஹோம் நிரம்பினால் குக்கீயை எழுத இடமிருக்காது.

20 நிமிடத்துக்குப் பிறகு திறக்கும் விண்டோ மட்டும் மறுக்கப்பட்டால், அது கேப்பிடல் எக்ஸின் காலக்கெடு. அதற்குப் பதில் போடும் கேப்பிடல் ஒய் ஆப்ஷனில் (ssh -Y) கெடுவும் இல்லை, காவலும் இல்லை. நம்பகமான சர்வருக்கு மட்டும் அது. டெபியன், உபுண்டுவில் இயல்பு அமைப்புப்படி இரண்டும் ஒன்றே.

ஓசூர் வீட்டிலிருந்து நாள் முழுக்க வேலை என்றால், சர்வரிலேயே ஓடும் டெஸ்க்டாப்பைத் தூரத்திலிருந்து காட்டும் விஎன்சிதான். எஸ்எஸ்ஹெச் வழியில் நெட் அறுந்தால் விண்டோவும் போகும். விஎன்சியில் செஷன் சர்வரிலேயே காத்திருக்கும். டிஸ்ப்ளே 1-க்கு போர்ட் 5901, அதையும் எஸ்எஸ்ஹெச் டன்னலுக்குள் விடுங்கள். சர்வர் திடீரென விழுந்து எழுந்தபின் ‘ஏற்கெனவே ஓடுகிறது’ என்று அடம்பிடித்தால், டெம்ப் டைரக்டரியில் பழைய லாக் ஃபைல் தங்கியிருக்கலாம். அந்தப் பிராசஸ் உயிரோடு இல்லை என்று பிஎஸ் கட்டளையில் பார்த்த பிறகே அழியுங்கள்.