சாணத்திலிருந்து மின்சாரமும் வெந்நீரும்: ஒரு நிறுவல் சேவை பற்றி

கொழும்பின் புறநகரில் உள்ள எங்கள் பால்பண்ணையில், தலைநகர் நிறுவனமொன்று அமைத்துத் தந்த சாண எரிவாயுக் கலனையும் மின்பிறப்பாக்கியையும் பற்றிய மதிப்பீடு இது. சாணமும் நீரும் சம அளவில் கரைத்து ஊற்றப்படும் நிலக்கீழ்க் கலன், சீன முறைக் குவிமாட வடிவில், வாயுக் கசிவின்றிக் கட்டப்பட்டிருக்கிறது. கட்டுவேலையில் குறைசொல்ல ஏதுமில்லை.

மின்சாரத்தைப் பொறுத்தவரை அப்படிச் சொல்ல முடியாது. ஒரு கன மீட்டர் வாயுவிலிருந்து சிறிய இயந்திரம் ஏறத்தாழ 1.5 முதல் 2 அலகு மின்சாரமே தரும் என்பதையும், எஞ்சிய சக்தியின் பெரும்பகுதி வெப்பமாகவே வெளியேறும் என்பதையும் விற்பனையாளர் முன்னரே அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். எனினும், அந்த வெப்பத்தைப் பிடித்து, பால் கறக்கும் இயந்திரத்தையும் பாற்கலன்களையும் கழுவுவதற்கான வெந்நீராக மாற்றித் தரும் குழாயமைப்பே இந்த நிறுவலின் உண்மையான சிறப்பு. மின்கட்டணப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு இது புலப்படாது.

வாயுவில் கலந்திருந்து இயந்திரத்தை அரிக்கும் ஐதரசன் சல்பைட்டை அகற்றுவதற்குத் துருப்பிடித்த இரும்புச் சீவல் நிரப்பிய வடிகட்டி பொருத்தியுள்ளனர். கறுத்துப்போன சீவலை வெளியே எடுத்து, ஈரமாகவே காற்றில் பரப்பி வைத்தால் செந்நிறம் திரும்பி மீண்டும் பயன்படும் என்பதைத் தொழில்நுட்பவியலாளர் தமிழிலேயே பொறுமையாகச் செய்து காட்டினார். பராமரிப்புக்கு அழைத்தால் வருவதில்தான் தாமதம். பத்து மாடுகளுக்கும் குறைவாக வைத்திருப்போர் மின்பிறப்பாக்கியைத் தவிர்த்து, வாயுவை அடுப்புக்கும் வெந்நீருக்கும் நேரடியாக எரிப்பதே இலாபகரமானது.